மதிப்பெண் கேட்டோம், மனநலம் கேட்டோமா?

(நம் ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

  

கல்வி விழா என்றால் நாம் வழக்கமாகப் பேசுவது மதிப்பெண்ணைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும்தான். அவை பேச வேண்டியவையே. ஆயினும் இவ்வாண்டு, கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் உறக்கம், உணவு, உடல், உள்ளம் ஆகியவற்றைப் பற்றிப் பேச வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவர், பெயர் இங்கே வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகத் தேறிப் பொறியியல் படிக்கச் சென்றார். இரண்டாம் ஆண்டில் அவர் சுப்ஹுத் தொழுகைக்கு வருவது நின்றது. பிறகு ஜும்ஆவிலும் காணவில்லை. நாம் என்ன செய்தோம்? பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, "செல்போன் கெடுத்துவிட்டது, சேர்க்கை சரியில்லை" என்று தீர்ப்புச் சொன்னோம். அவருடைய அத்தாவை அழைத்துக் கண்டித்தோம். அவர் வீட்டிற்குச் சென்று மகனைக் கண்டித்தார். பல மாதங்களுக்குப் பிறகே உண்மை தெரிந்தது. நான்கு பாடங்களில் அரியர் வைத்த வெட்கத்தில் அந்தப் பிள்ளை விடியும்வரை உறங்காமல் கிடந்திருக்கிறார், வேளைக்கு உண்ணவில்லை, நண்பர்களிடமும் பேசவில்லை. அவருடைய ஆசிரியர் ஒருவர்தான் கவனித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். அல்ஹம்துலில்லாஹ், இன்று அவர் படிப்பை முடித்து நல்ல பணியில் இருக்கிறார். அண்மையில் பெருநாளன்று நம்மைச் சந்தித்தபோது அவர் மனத்தாங்கல் ஏதுமின்றி ஒன்றைச் சொன்னார்: "நான் ஏன் தொழ வரவில்லை என்று எல்லோரும் கேட்டீர்கள் மாமா. ஏன் தூங்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லையே."

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. அதைக் கேட்கத் தவறியது நம் பிழை. அந்தப் பிழை மீண்டும் நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வுரை.

இது எங்கோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் தற்கொலையால் உயிரிழந்த மாணவர்கள் 13,044 பேர். மனநோய்கள் பெரும்பாலும் எந்த வயதில் தலைகாட்டுகின்றன என்று அமெரிக்காவில் ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். வாழ்நாளில் வரும் மனநோய்களில் பாதி 14 வயதிற்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதிற்குள்ளும் தொடங்கிவிடுகின்றன என்பது அதன் முடிவு. அதாவது, நாம் "இனிக் கவலையில்லை, பிள்ளை கல்லூரிக்குப் போய்விட்டான்" என்று நிம்மதி அடையும் அந்த வயதுதான் மிகுந்த கவனிப்பு வேண்டிய வயது.

துயரம் ஈமானின் குறைவன்று

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்ற வேண்டும். மனம் சோர்ந்தவரைப் பார்த்து, "உனக்கு ஈமான் பற்றவில்லை, ஒழுங்காகத் தொழுதால் சரியாகிவிடும்" என்று சொல்வோர் நம்மிடையே உண்டு. தொழுகை மனத்திற்கு ஆறுதல் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் யஃகூப் நபி (அலை) அவர்கள் தம் மகனைப் பிரிந்த துயரத்தில் பார்வையை இழந்தார்கள் என்று திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்களுக்கா ஈமான் குறைந்தது? அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரிய தந்தை அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டைத் துயர ஆண்டு என்றே நபிகளார் (ஸல்) வரலாறு குறிக்கிறது. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் இறைவனிடம் பாதுகாவல் தேடும் துஆவை அவர்களே நமக்குக் கற்றுத்தந்தார்கள். கவலை என்பது மனிதனுக்கு வரக்கூடிய ஒன்று என்பதனால்தானே அதிலிருந்து பாதுகாவல் தேடச் சொன்னார்கள்?

நம் முன்னோரும் இதனை அறிந்திருந்தார்கள். ஏறத்தாழ 1,100 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் வாழ்ந்தவர் அபூ ஸைத் அல் பல்கீ. கி.பி. 934-இல் மறைந்த இந்த அறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். உணவு, உறக்கம், உடற்பயிற்சி, குளியல் ஆகியவற்றை ஒரு பகுதியிலும், கோபம், அச்சம், துயரம், விடாமல் வரும் தீய எண்ணங்கள் ஆகியவற்றை மறு பகுதியிலும் விளக்கினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாமல் உடலிலிருந்தே எழும் துயரம் வேறு என்றும் பிரித்துக் காட்டினார். உள்ளம் நலமாயிருக்க உடலையும் பேண வேண்டும் என்பது நமக்குப் பழைய பாடம்.

தூங்கா நகரத்துப் பிள்ளைகள்

நம் மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். 2011-இல் அவனியாபுரம் நகராட்சி மாநகராட்சியோடு இணைந்தபின் நாமும் அந்தத் தூங்கா நகரத்தின் ஓர் அங்கமாகிவிட்டோம். இரவு பதினொரு மணிக்கும் பரோட்டாக் கல் சூடாகத்தான் இருக்கிறது. ஊர் தூங்காமல் இருப்பது வணிகத்திற்குப் பெருமை. பத்தொன்பது வயதுப் பிள்ளை தூங்காமல் இருப்பது பெருமையன்று.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 2020-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நியூசிலாந்திலும் அமெரிக்காவிலும் 18 முதல் 25 வயது வரையுள்ள 1,100-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் உறக்கம், உடலுழைப்பு, உணவு ஆகிய மூன்றையும் விசாரித்து, அவற்றுக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தனர். மூன்றும் தொடர்புடையவையே என்றாலும், எல்லாவற்றிற்கும் முன்னே நின்றது உறக்கம். அதிலும் எத்தனை மணி நேரம் என்பதைவிட, எத்தனை நிம்மதியாக உறங்கினார்கள் என்பதே. இவ்வகை ஆய்வு எது காரணம், எது விளைவு என்று அறுதியிட்டுச் சொல்லாது. உறக்கம் கெட்டால் மனம் சோரும். மனம் சோர்ந்தால் உறக்கம் கெடும். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் சங்கிலி. அந்தச் சங்கிலியை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்க வேண்டும்; உறக்கத்தில் அறுப்பது எளிது.

வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது ஏழு மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. பகலில் படித்த பாடத்தை மூளை பதித்துக்கொள்வதும் உறக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் விழித்திருந்து படிப்பவர், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிறார். மாலையில் குடித்த தேநீர், காபியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். படுக்கையில் கைபேசியின் ஒளி கண்ணில் படப்பட, "இன்னும் பகல்" என்றே மூளை எண்ணிக்கொள்ளும்.

இஷாத் தொழுகைக்குப் பின் வீண் பேச்சை நபிகளார் (ஸல்) விரும்பியதில்லை என்று நாம் பயானில் கேட்டிருக்கிறோம். அக்காலத்தில் அந்தப் பேச்சுக்கு எதிரில் ஓர் ஆளாவது இருக்க வேண்டும். இன்று போர்வைக்குள் தனியே நடக்கிறது அந்தப் பேச்சு. ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் தம் தோழர் அபூதர்தா (ரலி) வீட்டிற்குச் சென்ற நிகழ்ச்சியும் நாம் அறிந்ததே. பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த தோழரை, உண்ணச் செய்தார்கள். இரவின் முற்பகுதியில் உறங்கச் செய்தார்கள். பிற்பகுதியில் இருவரும் எழுந்து தொழுதார்கள். உடலுக்கும் குடும்பத்திற்கும் கொடுக்க வேண்டிய உரிமையைக் கொடுக்க வேண்டும் என்ற ஸல்மானின் சொல்லை நபிகளார் சரியெனச் சொன்னார்கள். வணக்கத்திற்காக விழிப்பதற்கே அளவு உண்டென்றால், கைபேசிக்காக விழிப்பதற்கு இல்லையா?

மாணவச் செல்வங்களே, ஒன்றை மட்டும் செய்யுங்கள். இஷாத் தொழுது உண்டு முடித்தபின் கைபேசியைக் கூடத்தில் வைத்துவிட்டுப் படுக்கச் செல்லுங்கள். பெற்றோரே, நீங்களும் வையுங்கள். அத்தா படுக்கையில் காணொலி பார்த்துக்கொண்டு மகனைக் கண்டித்தால் அவன் கேட்கமாட்டான்.

காலை உணவும் இரத்தமும்

நம் பிள்ளைகள் கே.கே. நகர் வக்ஃபு வாரியக் கல்லூரிக்கும், தெப்பக்குளம் தியாகராசர் கல்லூரிக்கும், திருப்பரங்குன்றம் பக்கமும், சுற்றுச்சாலைப் பக்கமும் உள்ள கல்லூரிகளுக்கும் செல்கிறார்கள். பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவு தவறுகிறது. பதினொரு மணிக்கு ஒரு தேநீரும் ஒரு வடையும். இரவில் பசி பொறுக்காமல் பரோட்டாவும் சால்னாவும். எப்போதாவது உண்பதில் தவறில்லை. அன்றாடம் அதுவே உணவென்றால் வயிறும் கெடும், உறக்கமும் கெடும்.

உணவுக்கும் மனத்திற்கும் தொடர்புண்டா என்று கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், மனச்சோர்வு நோயுற்ற 67 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு 12 வாரங்கள் காய்கறி, பழம், பயறு, மீன், முழுத் தானியம் மிகுந்த உணவைப் பழக்கினர். மற்றப் பிரிவினர்க்குப் பேச்சுத்துணை மட்டும் அளித்தனர். முடிவில் உணவு மாற்றியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்க்கு நோய் தணிந்தது. மற்றவர்களில் பன்னிரண்டில் ஒருவர்க்கே தணிந்தது. மருந்தை விட்டுவிட்டு உணவை மட்டும் நம்பலாம் என்பதன்று இதன் பொருள். மருந்தோடு உணவும் துணை நிற்கும் என்பதே. துயருற்ற வீட்டாருக்குத் தல்பீனா என்னும் பார்லிக் கஞ்சியைக் காய்ச்சிக் கொடுக்கும்படி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சொல்லிவந்ததை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. நம் நோன்புக் கஞ்சியில் அரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் இருக்கின்றன. அது ரமளானுக்கு மட்டும் உரியதென்று யார் சொன்னார்கள்? கம்பும் கேழ்வரகும் நம் மண்ணின் உணவு. ஒரு குவளைக் கஞ்சி குடித்துவிட்டுப் பேருந்து ஏற ஐந்து நிமிடம் போதும்.

தாய்மார்கள் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருக்கிறது. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் சோர்வு வரும், எரிச்சல் வரும், பாடத்தில் மனம் நிற்காது. அதைப் பார்த்து "சோம்பேறி" என்று மகளைத் திட்டுகிறோம். தைராய்டு குறைபாட்டிலும் இதே சோர்வும் மனவாட்டமும் தோன்றும். திட்டுவதற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், பயறு, ஈரல் ஆகியவற்றைக் கொடுங்கள். எலுமிச்சையும் நெல்லியும் இரும்புச் சத்து உடலில் சேர உதவும். சாப்பிட்டவுடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்.

வாடிவாசல் தரும் பாடம்

தை முதல் நாளில் நம் ஊர் ஜல்லிக்கட்டை நாடே பார்க்கிறது. காளை வளர்ப்போர் அதனை முதல் நாள் மட்டுமா கவனிக்கிறார்கள்? ஆண்டு முழுவதும் நடைப்பயிற்சி தருகிறார்கள், நீச்சல் பழக்குகிறார்கள், பருத்திக்கொட்டையும் பயறும் அளந்து கொடுக்கிறார்கள், இரவில் கொட்டிலில் ஓய்வு தருகிறார்கள். ஒரு நாளின் சில நொடிகளுக்காக ஆண்டு முழுவதும் இத்தனை பேணுதல்! நம் பிள்ளைகளையோ தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் கவனிக்கிறோம்.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள், அதாவது ஐந்து நாட்கள், நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடப்பது போன்ற உடலுழைப்பு வேண்டும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் வழிகாட்டுதல். அது மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. பள்ளிவாசலுக்கு இருசக்கர வாகனத்தில் வராமல் நடந்து வந்தாலே இதில் ஒரு பங்கு நிறைவேறிவிடும். சுப்ஹுக்கு எழுந்து நடப்பவருக்குக் காலை வெளிச்சமும் கிடைக்கிறது; காலை வெளிச்சம் பட்டால் இரவில் நேரத்தோடு உறக்கம் வரும். ஐவேளைத் தொழுகை நம் நாளுக்கு ஐந்து தூண்கள் நட்டு வைத்திருக்கிறது. உறக்கத்தையும் உணவையும் நடையையும் அந்தத் தூண்களில் கட்டிக்கொண்டால் வேறு கால அட்டவணை தேவையில்லை.

ஆண்பிள்ளைகளுக்குத் தெருவும் திடலும் இருக்கின்றன. பெண்பிள்ளைகள் எங்கே நடப்பது? கல்லூரி விட்டால் வீடு, வீட்டில் அடுப்படி. இதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்.

ஏர்வாடியை மறக்கலாகாது

உறக்கமும் உணவும் நடையும் நோய் வராமல் காக்கத் துணை நிற்கும். வந்துவிட்ட நோய்க்கு மருத்துவம் வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேலாக மனவாட்டம் நீங்காவிட்டால், விரும்பிச் செய்த எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், உறக்கமும் பசியும் மாறிவிட்டால், படிப்பில் மனம் நிற்காவிட்டால், "நான் யாருக்கும் பயனில்லை" என்ற பேச்சு வந்தால், அது மருத்துவரிடம் செல்ல வேண்டிய நேரம். சாகத் தோன்றுகிறது என்று பிள்ளை சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அன்றே செல்ல வேண்டும், அவரைத் தனியே விடவும் கூடாது. அப்படி ஓர் எண்ணம் உண்டா என்று நேரே கேட்பதால் அந்த எண்ணம் பிறந்துவிடாது. கேட்டால்தான் மனம் திறக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். அவர்கள் எல்லாச் சமயத்தையும் சேர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள். நோய் என்று அறியாமலும், அறிந்தும் வெட்கத்தாலும் கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அதன்பின் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. பின்னாளில் அதே ஏர்வாடியில், துஆவோடு மருந்தும் என்ற முறையில் அரசு மருத்துவச் சேவையும் தொடங்கப்பட்டது. துஆச் செய்வோம், மருந்தையும் உண்போம். நோய்க்கு மருத்துவம் தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுகிறவர் மனச்சோர்வுக்கு நாட ஏன் வெட்கப்பட வேண்டும்?

2015-16 தேசிய மனநல ஆய்வின்படி, மனநோயின் வகைக்கேற்ப நூறில் 70 முதல் 92 பேர்வரை சிகிச்சையே பெறவில்லை. அந்த நிலை நம் மஹல்லாவில் வேண்டாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 14416 என்னும் கட்டணமில்லா எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. பெயரும் ஊரும் வெளியே தெரியுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக, நிர்வாகக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று: மாதம் ஒருமுறை ஜும்ஆ உரையில் உடல்நலம், மனநலம் பற்றி ஹஜ்ரத் அவர்கள் சில நிமிடங்கள் பேச வேண்டும். மிம்பரிலிருந்து வரும் சொல்லுக்கு நம்மிடையே தனி மதிப்பு உண்டு. "இது நோய், இது பாவமன்று" என்று அங்கிருந்து ஒருமுறை சொன்னால் பல வீடுகளில் பூட்டிய கதவு திறக்கும்.

இரண்டு: அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே மதரஸா வளாகத்தை ஒரு மணி நேரம் மகளிர்க்கும் மாணவியர்க்கும் நடைப்பயிற்சிக்காக ஒதுக்கித் தர வேண்டும். ஆண்கள் அந்நேரத்தில் அப்பக்கம் செல்லாமல் இருந்தால் போதும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

மூன்று: உதவித்தொகை பெறும் ஒவ்வொரு மாணவருக்கும் மூத்த மாணவர் ஒருவரையோ, மாணவியாயின் படித்த சகோதரி ஒருவரையோ துணையாக அமர்த்த வேண்டும். மாதம் ஒருமுறை சந்தித்து, மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: நன்றாக உறங்குகிறாயா? வேளைக்கு உண்கிறாயா? மனம் விட்டுப் பேச ஆள் இருக்கிறதா? அவர்கள் சொல்வது வெளியே போகாது என்ற உறுதியும் வேண்டும். அரியர் வைத்த காரணத்திற்காக மட்டும் யாருடைய உதவித்தொகையும் நிறுத்தப்படாது என்பதையும் இந்த மேடையிலேயே அறிவித்தால் நலம்.

மாணவச் செல்வங்களே, தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். உங்களை இழந்தால் உங்கள் உம்மாவுக்கு மறுபடி ஒரு பிள்ளை இல்லை. இந்த ஜமாஅத்துக்கும் இல்லை. மனம் கனத்தால் பள்ளிவாசலுக்கு வாருங்கள். தொழ வந்தாலும் சரி, பேச வந்தாலும் சரி, இரண்டிற்கும் இடமுண்டு. இனி ஒரு பிள்ளை சுப்ஹுக்கு வராவிட்டால், "ஏன் வரவில்லை" என்று கேட்பதற்கு முன் "நலமா, நன்றாக உறங்கினாயா" என்று கேட்பது என நாம் அனைவரும் இன்று முடிவெடுப்போம்.

நம் பிள்ளைகளின் உடலையும் உள்ளத்தையும் வல்ல இறைவன் காத்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.